பாழ்மனைக் காசு

ஒருவன் தன் உழைப்பால் ஈட்டிய பொருள் அவனுடையது என்பதில் உலகத்தார்க்கு ஐயமில்லை. பிறனொருவன் மனமுவந்து கொடுத்த பொருள் பெற்றவனுடையதாதலிலும் ஐயமில்லை. பிறனறியாமற் கவர்ந்த பொருள் கவர்ந்தவனுடையதன்று என்பதிலும் ஐயமில்லை. இம்மூன்றனுள் எதன்கண்ணும் அடங்காது நிற்கும் பொருளொன்றுண்டு. அது மண்ணினுள்ளே கிடந்து, வைத்தவனும் மறைந்து, அவன் வழியினரும் அறியாது போய், நெடுங்காலங் கழிந்தபின் யாரோ ஒருவன் கையிற்படுவது. அதனைக் கண்டவன் உழைத்தே தேடினான். எனினும் அஃது அவன் உழைப்பாற் பிறந்ததன்று. அவனுக்கு அதனை யாரும் கொடுத்திலர். எனினும் எவர் கையினின்றும் அவன் பறித்திலன். இங்ஙனங் கிடைத்த காசு யாருடையது? அதனை எடுத்தலால் எடுத்தவன் உயிர்க்கு விளைவது யாது? இவ்விரு வினாக்களும் சைவ சித்தாந்த நெறிபற்றி ஈண்டு ஆராயப்படும்.

இவ்வினா இக்காலத்தே வலிபெற்றெழுதற்குக் காரணம், மெட்டல் டிடெக்டர் என வழங்கும் உலோகங்காட்டுங் கருவியாம். ஒரு கோலின் அடியில் வட்டமாகச் சுற்றிய கம்பிச்சுருள் இருக்கும். அதனூடே மாறிமாறி ஓடும் மின்சாரம் தன்னைச் சூழ ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அப்புலம் மண்ணினுட் சென்று ஒரு காசையோ ஆணியையோ தொடுமாயின், அவ்வுலோகத்தினுள்ளும் சிறு மின்சுழல்கள் எழும்; அச்சுழல்கள் தாமும் ஒரு காந்தப்புலத்தை மீட்டனுப்ப, அதனையுணர்ந்து கருவி ஒலிக்கும். காசளவான சிறு பொருள் பெரும்பாலும் ஓரடி ஆழத்துக்குள்ளேயே இதற்குப் புலப்படும். 1881-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டுக் கிடந்தபோது, அவருடம்பினுள் நின்ற குண்டின் இடத்தைக் காண்டற்பொருட்டு, தொலைபேசியை ஆக்கிய கிரகாம் பெல் இவ்வகைக் கருவியொன்றை அமைத்து முயன்றார், அம்முயற்சி பயன்பட்டிலது. இரண்டாம் உலகப்போரின்கண், போலந்து நாட்டுப் படையைச் சார்ந்த கோசாட்ஸ்கி என்னும் பொறிவல்லார், நிலத்துட் புதைத்த கண்ணிவெடிகளைக் காணுதற்கு 1941-ஆம் ஆண்டளவில் செம்மையான கருவியொன்றை வகுத்தார். போர் முடிந்தபின் படைக்கு வேண்டாது எஞ்சிய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. உயிரைக் காத்தற்கெனப் பிறந்த கருவி இங்ஙனம் காசைத் தேடுதற்காயிற்று.

இக்கருவி கொண்டு தேடுவோர் மிகுதியும் நாடுவன குடியொழிந்த மனைகளாம். வட அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் இத்தகைய பாழ்மனைகள் பல. 1862-ஆம் ஆண்டில் அந்நாட்டரசு இயற்றிய குடியேற்ற நிலச் சட்டத்தின்படி, ஐந்தாண்டு ஒரு நிலத்தே குடியிருந்து பயிர்செய்தார்க்கு 160 ஏக்கர் வரை அந்நிலம் உரிமையாக்கப்பட்டது. அந்நாட்டின் கீழ்ப்பகுதியினின்றும், கடல்கடந்த ஐரோப்பாவினின்றும் வந்தோர் ஆங்கே புல்மண்ணாலும் மரத்தாலும் வீடு சமைத்து வாழ்ந்தனர். 1930-ஆம் ஆண்டையடுத்து மழை பொய்த்து, உழுத புழுதி காற்றிலெழுந்து வானை மறைக்க, அவருட் பலர் நிலத்தைக் கைவிட்டுப் போயினர். கூரை வீழ்ந்தது, சுவர் மக்கிற்று. எஞ்சியவை அடிக்கற்களும், தூர்ந்த கிணறும், வாயிலின்கண் என்றோ நட்ட லைலாக் செடியுமேயாம்.

தேடுவோர் பழைய நிலப்படங்களைப் பார்த்து இடத்தைத் துணிவர்; ஆளற்ற வெளியில் ஆண்டுதோறும் தானே பூக்கும் அச்செடியைக் கண்டு, ஈங்கொரு வீடிருந்தது என்றறிவர். வாயிற்படி இருந்த இடம், கிணற்றுக்குச் செல்லும் வழி, துணியுலர்த்திய கொடியின் கீழ், நிழன்மரத்தினடி என, மக்கள் நின்றும் இருந்தும் பழகிய இடங்களிலே கருவியைச் செலுத்துவர். பையினின்று நழுவிய செப்புக்காசும், 1964-ஆம் ஆண்டுவரை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியால் அடிக்கப்பெற்ற பத்துச் சென்ட் காசும், பொத்தானும், தைப்போர் விரலிலிடுங் கவசமும், குழந்தையின் விளையாட்டுப் பொருளும், சிற்சில பொழுது ஒரு மணமோதிரமும் வெளிப்படும்.

இக்காட்சியை நினைவார்க்கு முதற்கண் தோன்றுவது பற்றின் நிலையாமையேயாம். அந்நிலத்தை 'எமது' என்று சொல்லி வேலியிட்டவர் இன்றில்லை. அவர்க்கு முன்னே அதனைத் தம் வாழ்விடமாகக் கொண்டிருந்து, குடியேற்றத்தால் அகற்றப்பட்ட பழங்குடியினரும் ஆங்கில்லை. இன்று பத்திரத்திற் பெயரெழுதி வைத்திருப்பாரும் ஒருநாள் இல்லாது போவர். 'எமது' என்னுஞ் சொல் மூன்று வாயினின்றும் வந்தது. நிலம் எவர்பின்னும் போயிற்றிலது. காசு கூறும் பாடம் இன்னும் நுண்ணியது. நிலமேனும் உடையவனிடத்தே இருந்து பயன்றரும். காசோ உடையவனைவிட்டு நீங்குங்காலே பயன்றரும். கையிற் பிடித்திருக்குந்துணையும் அது வெறும் உலோகம். கொடுக்கும்போதே அது காசு. ஆகலின், 'எனது' என்று பற்றிக்கொள்ளுதற்கு உலகப் பொருள்களுட் காசினும் பொருந்தாதது பிறிதில்லை. அதனையே மக்கள் எல்லாவற்றினும் இறுகப் பற்றுகின்றனர் என்பது ஆணவத்தின் ஆற்றலைக் காட்டுவதாம்.

அற்றேல், உடையவர் ஒழிந்த பொருளை எடுத்தலிற் குற்றம் யாது? பிறர்பொருளைக் கவர்தலே களவு. பிறர் என்பார் ஒருவரும் இல்லாதவிடத்துக் களவு எங்ஙனம் நிகழும்? மண்ணிற் கிடந்து மக்குவதினும் ஒருவற்குப் பயன்படுதல் நன்றன்றோ எனின், அது பொருந்தாது. உடையவர் ஒழிந்தார் என்பது எடுப்பவனுடைய விருப்பமேயன்றி, ஆராய்ந்து கண்ட முடிபன்று. தனக்கு நன்மைதரும் வழக்கிலே தானே நடுவனாக அமர்ந்து தீர்ப்புக் கூறுதல் எந்நாட்டு நீதிக்கும் ஒவ்வாது. அதுபற்றியே நாடுகளின் சட்டங்கள் கண்டவனைத் தீர்ப்புக் கூறவிடாது, அறிவிக்குமாறு பணிக்கின்றன.

இந்திய நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், மண்ணினுள் மறைந்து கிடந்து வெளிப்பட்ட பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்படின், அதன் தன்மையையும் கண்ட இடத்தையும் நாளையும் மாவட்ட ஆட்சியாளர்க்கு எழுதியறிவிக்க வேண்டுமென விதிக்கின்றது. நூறாண்டுக்குள் அதனைப் புதைத்தவரோ அவர் வழியினரோ வந்து உரிமை கூறுவராயின், அவ்வழக்குக் கேட்கப்படும். எவரும் வாராதபோதே பொருள் உடையவரற்றது எனப் பெறும்; அப்போழ்தும் நிலத்துக்குரியவர்க்கு ஒரு பங்கு உண்டு. அமெரிக்க நாட்டில் அரசுக்குரிய நிலத்தினின்றும் நூறாண்டு கடந்த தொல்பொருளை உத்தரவின்றி அகழ்தலை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமென்கின்றது. இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், கண்டவன் பதினான்கு நாளுக்குள் கொரோனர் என்னும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென்கின்றது. சட்டங்கள் நாடுதோறும் வேறுபடினும், அவற்றினுள் நிற்கும் நியாயம் ஒன்றே: காண்டல் குற்றமன்று, கண்டதை மறைத்தலே குற்றம். மறைக்கும் அக்கணத்தே களவு பிறக்கின்றது. திருவள்ளுவனார் கள்ளாமையைத் துறவறவியலின்கண் வைத்து, களவைக் கைத்தொழிலாக மட்டுமன்றி மனத்தொழிலாகவுங் கொண்டமை ஈண்டு நினைக்கற்பாலது. கை எடுப்பதன்முன் உள்ளம் ஒளிக்கின்றது.

இதனை இங்கிலாந்தில் ஒரே ஆண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் ஐயமற விளக்கும். 2015-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுசயரைச் சார்ந்த வாட்லிங்டன் என்னும் ஊர்ப்புறத்து வயலிலே, பணியினின்று ஓய்வுபெற்ற ஒருவர் இக்கருவியால் வெள்ளிக் காசுத் திரளொன்றைக் கண்டார். கண்டவர் அதனை வாரிக்கொண்டு போகாது உரியவர்க்கு அறிவித்தார். தொல்பொருளாராய்வோர் வந்து, காசுகள் கிடந்த மண்ணையே கட்டியாகப் பெயர்த்தெடுத்துச் சென்று, அருங்காட்சியகத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தனர். இருநூறளவான காசுகளும், வெள்ளிக் கட்டிகளும், அணிகளும் அதன்கண் இருந்தன. ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 2017-ஆம் ஆண்டில் அவற்றைப் பதின்மூன்றரை இலட்சம் பவுனுக்கு வாங்கி, மக்கள் காண வைத்தது.

அதே 2015-ஆம் ஆண்டில் லெம்ஸ்டர் என்னும் ஊர்க்கணித்தாக, அதே காலத்ததாகிய மற்றொரு புதையலை வேறிருவர் கண்டனர். அவர் நிலத்துக்குரியவர்க்கும் அதிகாரிகட்கும் அதனை மறைத்து, காசுகளைப் பலர்க்கும் விற்றுச் சிதறடித்தனர். மண்ணொடு கிடந்த நிலையிற் பிடித்த படங்களை அழித்தும்விட்டனர். அழித்த அப்படங்கள் பின்னர் மீட்கப்பட்டு அவர்க்கெதிரே சான்றாய் நின்றன. ஏறத்தாழ முந்நூறு காசுகள் இருந்திருத்தல் வேண்டுமென மதிக்கப்பட்டது. கைக்கு வந்தவை அவற்றுட் சிறுபகுதியே. 2019-ஆம் ஆண்டில் அவ்விருவர்க்கும் பல்லாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இதனால் நேர்ந்த தீங்கு பொருளிழப்பு மட்டுமன்று. இவ்விரு புதையலிலும் இருந்த காசுகளுட் சில, வெசெக்சு நாட்டரசனாகிய ஆல்பிரடும் மெர்சியா நாட்டரசனாகிய இரண்டாம் கியோல்வுல்பும் கி.பி. 870-களில் ஒத்த வடிவிலே காசடித்து நட்புப் பூண்டிருந்தமையைக் காட்டுவன. பின்னெழுந்த ஆங்கிலோ-சாக்சன் நிகழ்ச்சிக் குறிப்போ, கியோல்வுல்பை அறிவற்றவனென்றும், பகைவர் ஏவியபடி நிற்கும் பணியாளனென்றும் இகழ்ந்து போயிற்று. ஆயிரத்தொரு நூற்றாண்டுக்கு மேலாக அப்பழிச்சொல்லுக்கு மறுமொழி கூறுவார் எவருமிலர். மண்ணினுட் கிடந்த காசே அவன்பாற் சான்றாய்க் காத்திருந்தது. வாட்லிங்டனில் அச்சான்று பேசிற்று. லெம்ஸ்டரில் அதன் வாய் பெரிதும் அடைக்கப்பட்டது. உடையவர் இறந்துபட்டாராகலின் எவர்க்கும் தீங்கில்லை என்பாரது கூற்று இதனால் மறுக்கப்பட்டது. இறந்தவர்க்கும் ஓர் உரிமையுண்டு. அது தம்மைப்பற்றிய உண்மை உலகிற்குத் தெரியவேண்டுமென்பது. பின்வருவார்க்கும் ஓருரிமையுண்டு, அது தம் முன்னோர் வாழ்வை உள்ளவாறறிதல். இடத்தினின்றும் பெயர்த்து மறைத்த காசு எடையளவில் முழுதும் இருப்பினும், அறிவளவில் தேய்ந்துபோயிற்று. அது யார் மனையில், எவ்வாழத்தில், எதனோடு கிடந்தது என்னும் செய்தி மண்ணைக் குழப்பிய அளவிலே அழியும். எத்துணைப் பொன் கொடுத்தும் அதனை மீட்டலரிது.

இனி, ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வகைக் கருவி, ஒத்த காலத்துக் காசு, ஒரே சட்டம் என இவ்வளவும் ஒத்திருக்க, ஒருவர் அறிவித்ததும் இருவர் ஒளித்ததும் எற்றினாலாயின என்று ஆராய்தல் வேண்டும். புதையலே மனத்தைக் கெடுத்தது என்பாருளர். அங்ஙனமாயின் முன்னவரையும் அது கெடுத்திருத்தல் வேண்டும். இதற்கு விடை, மண்ணினுட் கிடந்த உலோகங்களின் தன்மையிலேயே உள்ளது.

பொற்காசும் செப்புக்காசும் ஒரே குழியில் ஆயிரத்தைந்நூறு ஆண்டு ஒருங்கு கிடக்கலாம். மண் ஒன்று, ஈரம் ஒன்று, காலம் ஒன்று. வெளிவருங்கால் பொன் அடித்த நாளிலே போல ஒளிரும். செம்போ பச்சைக் களிம்பேறி முகந்தெரியாது வரும். மண்ணே களிம்பைத் தந்ததாயின் பொன்னுக்கும் தந்திருத்தல் வேண்டும். ஆகலின் களிம்புறுதற்குரிய இயல்பு செம்பின்கண்ணேயே உளது. மண்ணும் நீரும் அதனை வெளிப்படுத்தும் துணைக்காரணமாத்திரையே. செம்பிற் களிம்பை ஆணவமலத்துக்கு உவமையாகச் சித்தாந்த ஆசிரியர் எடுத்தாண்ட நுட்பம் ஈண்டு நன்கு விளங்கும். ஆணவம் இடையே புறத்தினின்று வந்து உயிரைப் பற்றியதன்று, அநாதியே உடனிருப்பது. பொருள், இடம், காலம் என்பன அதனை எழுப்புவனவேயன்றி ஆக்குவன அல்ல. ஒளித்தார் உள்ளத்தே புதையல் பேராசையைப் புகுத்திற்றிலது. முன்னரே ஆங்குக் கிடந்ததனை மேலே கொணர்ந்தது. ஆகவே புதையல் காண்டலில் அகழ்ந்தெடுக்கப்படுவன இரண்டு: மண்ணினின்று காசு, கண்டவன் உள்ளத்தினின்று அவன் மலம். உலோகங்காட்டுங் கருவி காசைக் காட்ட, காசு காண்பானைக் காட்டுகின்றது.

இவ்வுவமையை எல்லைகடந்து கொள்ளலாகாது. பொன்போல்வார் சிலரும் செம்புபோல்வார் சிலருமென உயிர்கள் இருவகையாகப் பிறந்தன என்பது சித்தாந்தமன்று. கட்டுற்ற உயிரெல்லாம் செம்பேயாம், களிம்பின் வலி குறைந்தவிடத்து ஒளி தோன்றும், மிக்கவிடத்து மறையும். களிம்பு எத்துணை மிகினும் செம்பு தானே களிம்பாய் விடாததுபோல, மலத்துட்பட்ட உயிரும் மலமேயாய் விடுவதில்லை. அன்றியும், பழங்காசைப் போற்றுவோர், களிம்பேறிய காசை முரடாகத் தேய்த்தலாகாது என்பர். தேய்ப்பின் களிம்போடு அரசன் உருவும் எழுத்தும் போய்விடும். மலத்தை நீக்குதலும் தன் முயற்சி ஒன்றானே செய்யத்தக்கதன்று. இரசகுளிகை செம்பிற் களிம்பைப் போக்குமாறுபோலத் திருவருளே குருவாய் வந்து நீக்கற்பாலது. குற்றஞ்செய்தாரை இகழ்ந்து தம்மைப் பொன்னென மதித்திருப்பார் இதனை நினைவாராக.

ஈண்டுச் சைவர் சிலர் வேறொரு தடையை நிகழ்த்துவர். 'வருவதெல்லாம் வினைப்பயனே. பலர் உழுத வயலிலே ஒருவன் கண்ணுக்கே புதையல் படுமாயின், அது முற்பிறப்பில் அவன் செய்த நல்வினையின் பயனாகப் பிராரத்தமாய் வந்து கூடியதாம். இறைவன் கூட்டிய பயனை நுகர்தல் தவறாகுமோ' என்பர். இதன் முற்பகுதி உண்மையே. காண்டல் பிராரத்தம். வினைப்பயன் தானே வந்து உயிரைச் சாராது, உயிர் தானே அதனைத் தேடியறிந்து கொள்ளவும் மாட்டாது, இறைவனே கூட்டுவிக்கின்றான். ஆயின், கூட்டுவித்தது யாது என்று நுணுகிக் காணல் வேண்டும். அவன் கூட்டியது காசு கண்ணிற்படும் நிகழ்ச்சியையும் அப்போதெழும் இன்பத்தையுமாம். அதனை ஒளிப்பதோ அறிவிப்பதோ என்னுமிடத்து எழும் விருப்பும் முனைப்பும் புதிய வினையாம். அதுவே ஆகாமியமெனப் பெற்றுச் சஞ்சிதத்தோடு ஏறும். வந்தது பழையது, செய்வது புதியது. நல்வினைப் பயனாக வந்த நிகழ்ச்சியையே தீவினைக்கு வித்தாக்கிக் கொள்ளுதலும் கூடும். தாய் பரிந்து வார்த்த பாலை மடியிற் கொட்டிக்கொண்ட குழவிபோல, வந்த நலத்தையே அழுக்காக்கிக் கொள்வாருளர். லெம்ஸ்டரிற் கண்ட இருவர்க்கும் புதையல் கிடைத்தது ஊழாலாயின், சிறை கிடைத்ததும் அவ்வூழாலேயோ என வினவின், 'அன்று, தம் செய்கையால்' என்றே எவரும் விடைகூறுவர். கிடைத்ததற்கு ஊழையும் கெட்டதற்குச் செய்கையையும் காரணமாக்கி, இடையே செய்ததை மறத்தல் முறையன்று.

இனி, புதைத்தவன் நிலையும் எண்ணத்தக்கது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வருமுன் இங்கிலாந்தில் வழங்கிய பழைய நீதியின்படி, பொன்னோ வெள்ளியோ வெளிப்பட்டால், உடையவன் அதனைத் தவறவிட்டானா, மீண்டெடுக்குங் கருத்தோடு மறைத்தானா என்று ஆராய்தல் வேண்டும். மறைத்ததாயின் அது புதையலெனப் பெற்று அரசர்க்காம், தவறவிட்டதாயின் ஆகாது. இறந்து பல நூற்றாண்டு கழிந்தான் ஒருவன் உள்ளத்தே 'மீண்டு வருவேன்' என்னும் எண்ணம் இருந்ததா என்று நீதிமன்றம் வினவியது வியப்பே. அவ்வெண்ணம் இருந்தது, அவன் வந்திலன். புதையலைப் பூதங்காக்கும் என்பது நம் நாட்டு வழக்கு. அப்பூதம் பிறிதன்று, இறக்குங்காலும் விடாது நின்ற 'எனது' என்னும் பற்றேயெனக் கொள்க. உயிர் தான் குடியிருந்த உடம்பாகிய மனையைப் பாழாக விட்டுப் பிறிதொரு மனை புகும்போது, புதைத்த காசு அங்கேயே கிடக்கும். பற்றாற் செய்த வினையோ உடன்போகும். விட்டுவந்த மனைகள் எண்ணிறந்தன. அவற்றிற் புதைத்தவற்றுள் ஒரு காசேனும் உயிர்க்குப் பின்வந்ததில்லை. ஒரு வினையேனும் நுகராமலோ அருளால் நீங்காமலோ தானே ஒழிந்ததில்லை.

அங்ஙனமாயின், காசு கிடைத்தவன் செயற்பாலது யாது? அதற்கு எல்லையாய் நிற்பது திருநாவுக்கரசு சுவாமிகளது செயல். திருப்புகலூரில் அவர் உழவாரப்படை கொண்டு திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கிய காலத்து, அவர் நிலையை உலகறியக் காட்டும்பொருட்டு, படை செல்லுமிடமெங்கும் பொன்னும் மணியும் விளங்குமாறு இறைவன் செய்தான் எனப் பெரியபுராணங் கூறும். சுவாமிகள் அவற்றைப் புல்லோடும் பருக்கைக் கல்லோடும் ஒப்பவே கருதி, உழவாரத்தால் ஏந்தி வாவியில் எறிந்தார். அவர் பொன்னை வெறுத்தார் என்பது பொருந்தாது. வெறுப்பும் ஒருவகைப் பற்றேயாம். அப்பொழுது அவர் செய்துகொண்டிருந்தது முற்றத்தைத் தூய்மை செய்தல். அதற்கு இடையூறாயவற்றுள் பொன்னும் ஒன்றாயிற்று. இதுவே இருவினையொப்பின் இலக்கணம்.

இதனோடு வைத்தெண்ணுதற்குரிய செய்தியொன்று இங்கிலாந்திலும் நிகழ்ந்தது. 1992-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சபோக்குப் பகுதியைச் சார்ந்த ஆக்சன் என்னும் ஊரில், உழவர் ஒருவர் வயலிலே தொலைத்த சுத்தியலைத் தேடித்தருதற்கு அவர் நண்பர் உலோகங்காட்டுங் கருவியோடு சென்றார். சுத்தியலைத் தேடியவர்க்கு உரோமர் காலத்துக் காசுகள் ஒலித்தன. சிறிது எடுத்தவர், மேலும் அகழாது நிறுத்தி அறிவித்தார். மறுநாள் ஆராய்வோர் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழப் பதினையாயிரம் பொன் வெள்ளி செப்புக் காசுகளும், பொன்னணிகளும், வெள்ளிக் கலங்களும் வெளிப்பட்டன. அக்கலங்களுள் மிளகுத்தூள் பெய்துவைக்குஞ் சிறு செப்புகளும் உள. அம்மிளகு அந்நாளில் இந்தியாவின் தென்மேல் கடற்கரையினின்று உரோமர்க்குச் சென்றதாம். அவர் நிறுத்தியமையானே, எல்லாம் வைத்திருந்த மரப்பெட்டி மக்கிப்போயும், எப்பொருள் எதன்மேல் இருந்தது என்பதனை ஆராய்வோர் உணர்தல் கூடிற்று. அரசு அளித்த பதினேழரை இலட்சம் பவுன் பரிசிலை அவர் உழவரோடு பகிர்ந்துகொண்டார். அச்சுத்தியலும் பின்னர்க் கிடைத்து, இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அப்புதையலோடு வைக்கப்பட்டுளது.

நாவுக்கரசரது பெருநிலைக்கு இவரது செய்கை இணையென்பது கருத்தன்று. ஒருவர் பற்றற்றார், மற்றவர் உலகியலில் நின்றார். ஆயினும் இருவரிடத்தும் ஒப்பதொன்றுண்டு. இருவரும் பொன்னைத் தேடிச் சென்றிலர். பிறர்க்குச் செய்யும் பணியொன்றை மேற்கொண்டு சென்றனர். பணியில் நின்ற உள்ளத்தைப் பொன் சட்டென்று ஆட்கொள்ள மாட்டாது. பொன்னையே நாடிச் சென்றவனுக்கு அது கிடைக்குமுன்னரே அவனுள்ளத்தில் 'எனது' ஆகிவிட்டது. பின்னர் அதனை விடுதல் தன்னுடையதனை இழத்தலாகவே அவற்குத் தோன்றும்.

அற்றேல், எல்லாருங் கிடைத்ததனை வாவியில் எறிதல் வேண்டுமோ எனின், வேண்டா. நாவுக்கரசர் செயலை அவர் நிலையிலில்லாதார் செய்யின் அது நடிப்பாய் முடியும். உலகியலில் நிற்பார்க்குத் திருவீழிமிழலை நிகழ்ச்சி வழிகாட்டும். பஞ்சம் நேர்ந்தபோது, அடியார்க்கு அமுதளித்தற்பொருட்டு இறைவன் சம்பந்தர்க்கும் நாவுக்கரசர்க்கும் நாடோறும் ஒவ்வொரு காசு வைத்தருளினான். அவர்கள் அதனை எறிந்திலர், ஏற்றனர். ஏற்ற அன்றே அது பண்டமாய், சோறாய், பிறர் பசிதீர்க்கும் மருந்தாய் நீங்கிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கொள்ளப்பட்டது; கைத்திருத்தொண்டு புரிந்த நாவுக்கரசர் பெற்ற காசு வாசியின்றிச் சென்றது. காசின் மாற்றுக்கும் உடல்வருந்திச் செய்யும் தொண்டுக்கும் தொடர்புண்டென்பதே அதன் குறிப்பு. ஆகவே முறைப்படி அறிவித்து, நிலத்துக்குரியவர்க்கும் நாட்டுக்கும் உரியது போக, தனக்கென அளிக்கப்பட்டதனை ஒருவன் பெறுதலிற் குற்றமில்லை. அது கொடுக்கப்பட்டது, கவரப்பட்டதன்று. பெற்றதனையும் அறத்தாற்றிற் செலவிடின், நெடுங்காலம் மண்ணினுள் உறங்கிய காசு மீண்டும் காசாகின்றது.

இதுகாறுங் கூறியவாற்றால், முதலில் எழுந்த வினாக்கள் விடைபெறுகின்றன. பாழ்மனைக் காசு யாருடையது எனின், உலகநெறியில் நிலமுடையார்க்கும் நாட்டார்க்கும் முறையே உரியது. கண்டவர்க்கு உரியது அவர் அளிப்பதே. உண்மைநெறியில், தனுவும் கரணமும் புவனமும் போகமும் உயிர்கள் உய்தற்பொருட்டு மாயையினின்று தோற்றுவித்தருளிய பதியினுடையது. புதைத்தவனும் அதனை இரவலாகவே பெற்றான். கண்டவனும் இரவலாகவே பெறுகின்றான். எடுத்தலால் விளைவது யாது எனின், அறிவித்தானுக்கு அது மலத்தின் வலி குறைந்தமையைக் காட்டும் உரைகல்லாம். ஒளித்தானுக்குப் பிறவிக்கு வித்தாம்.

கருவி 'உலோகமுளது' என்று ஒலிக்கும். அது காசோ ஆணியோ என்பதனை ஐயமற அறிதற்கு அகழ்ந்தே காணல் வேண்டும். யாருடையது என்பதனை எக்கருவியும் கூறாது. பாசஞானம் பாசத்தையே காட்டுமன்றிப் பதியைக் காட்டாது என்னும் உண்மைக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. பாழ்மனையிற் குனிந்து மண்ணைக் கிளறுவான் ஒருவன், கையிற் காசு தட்டுப்படும் அக்கணத்தே சிறிது நின்று, தன்னுள்ளத்தில் எழுவது யாதென்று நோக்குவானாயின், மண்ணிற் கண்டதினும் பெரிய பொருளை அங்கே காண்பான். அதனைக் காட்டவல்லது திருவருளொன்றேயாம்.

திருச்சிற்றம்பலம்.